ராஸ்டர் படங்களில் வடிவம் தேடுதல்: அண்டை வடிப்பான்களின் திறனும் எல்லையும்

ராஸ்டர் என்பது கட்டம் கட்டமாக எண்கள் அடுக்கப்பட்ட ஒரு பரப்பு. கட்டத்தில் இருக்கும் எண் ஒளியின் அளவாக இருக்கலாம், தரையின் உயரமாக இருக்கலாம், பயிர் வகைக்கு இட்ட குறியீடாகவும் இருக்கலாம். ஒரு கட்டத்தை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொண்டு அது ஏரிக்கரையா, ஓடையா, சாலையா என்று யாராலும் சொல்ல முடியாது. 87 என்ற எண்ணை மட்டும் வைத்து எதுவும் தெரியாது. அதற்கு இடப்பக்கம் 20, வலப்பக்கம் 90 என்று தெரிந்தால் அங்கே ஒரு விளிம்பு ஓடுவது புலப்படும். படத்தில் வடிவம் தேடும் வேலை இப்படி அக்கம்பக்கத்துக் கட்டங்களைப் பார்ப்பதில்தான் தொடங்குகிறது. அதற்கென வகுத்த கணக்குகளே அண்டை வடிப்பான்கள்.

ஒளிப்படம் முதன்முதலில் கணினிக்குள் எண்களாக நுழைந்தது 1957இல். அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் ரசல் கிர்ஷ் தம் கைக்குழந்தையின் படத்தை 176க்கு 176 கட்டங்களாக வருடி எடுத்தார். 1972இல் முதல் லேண்ட்சாட் விண்ணில் ஏறியது. 1988இல் இந்தியாவின் ஐஆர்எஸ்-1ஏ செயற்கைக்கோள் 72.5 மீட்டர் கட்டங்களில் தரையைப் படம்பிடிக்கத் தொடங்கியது. அதன்பின் ராஸ்டருக்குப் பஞ்சம் இல்லை. அவற்றிலிருந்து பொருளைப் பிரித்தெடுக்கும் வழிதான் வேண்டியிருந்தது.

அருகருகே இருப்பவை தொலைவில் இருப்பவற்றைக் காட்டிலும் ஒன்றோடொன்று அதிகம் தொடர்புடையவை என்ற கருத்தைப் புவியியலின் முதல் விதியாக வால்டோ டோப்ளர் 1970இல் முன்வைத்தார். வரைபட இயற்கணிதத்தை வகுத்த டானா டாம்லின், ராஸ்டர் மீது செய்யும் கணக்குகளை இனம் பிரித்தபோது, ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் சுற்றுப்புறத்தைப் பார்த்து விடை தருபவற்றைத் தனி இனமாக வைத்தார். படவியலாளர்கள் வடிப்பான் என்பதும் புவித்தகவல் துறையினர் குவியக் கணக்கு என்பதும் ஒரே வேலையைத்தான். இரு துறைகளும் பல ஆண்டுகள் தனித்தனியே நடந்ததால் ஒரே கணக்குக்கு இரண்டு மூன்று பெயர்கள் நிலைத்துவிட்டன. புதிதாகக் கற்பவரை இது தேவையில்லாமல் அலைக்கழிக்கிறது.

நகரும் சாளரம்

வேலை நடக்கும் விதம் எளிது. மூன்றுக்கு மூன்று கட்டங்கள் கொண்ட ஒரு சிறு சாளரத்தைப் படத்தின் மேல் வைக்க வேண்டும். நெசவாலைகளில் துணியின் மேல் வைத்து இழை எண்ணும் சதுரக் கண்ணாடியை நகர்த்துவதுபோல அதை ஒவ்வொரு கட்டமாக நகர்த்திக்கொண்டே போக வேண்டும். சாளரத்துக்குள் விழும் ஒன்பது எண்களைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டு, விடையை நடுக்கட்டத்தின் இடத்தில், வேறொரு புதிய ராஸ்டரில் எழுத வேண்டும். பழைய ராஸ்டரிலேயே எழுதினால் அடுத்த கட்டத்தின் கணக்கு மாற்றிய எண்ணோடு கலந்துவிடும்.

கணக்கு பெரும்பாலும் பெருக்கிக் கூட்டுவதுதான். ஒன்பது இடங்களுக்கும் ஒன்பது எடைகள் கொண்ட சிறு அட்டவணைக்குக் கெர்னல் என்று பெயர். ஒன்பது எடைகளும் ஒன்பதில் ஒரு பங்காக இருந்தால் விடை சராசரி. நடுவில் அதிகமாகவும் ஓரத்தில் குறைவாகவும் இருந்தால் காஸியன் வகை மென்மையாக்கம். எடைகளின் கூட்டுத்தொகை சுழியாக இருந்தால் சமநிலமான இடத்தில் விடை சுழி. மாற்றம் உள்ள இடத்தில் மட்டும் எண் எழும். கெர்னல் ஒன்றைப் பார்த்ததும் அதன் கூட்டுத்தொகையைப் போட்டுப் பார்ப்பவர், அது மென்மையாக்குவதா வேறுபாட்டைத் தேடுவதா என்பதை அப்போதே அறிந்துகொள்வார்.

தேடுவதற்கு முன்னால் பெரும்பாலும் படத்தைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். ஒரு சாளரத்தில் 20, 21, 19, 22, 255, 20, 18, 21, 20 என்ற எண்கள் இருப்பதாகக் கொள்வோம். 255 உணரியின் கோளாறு. சராசரி எடுத்தால் 46 வருகிறது. கோளாறு அக்கம்பக்கத்துக்கெல்லாம் பரவிவிட்டது. எண்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் 20. ஜான் டூக்கி 1970களில் பரப்பிய இந்த இடைநிலை வடிப்பான் விளிம்பையும் மழுங்கடிக்காது. ஆனால் அதற்கு ஒரு கடுமையான குணம் உண்டு. ஒரு கட்டம் அகலமுள்ள கோடு சாளரத்துக்குள் ஒன்பதில் மூன்று இடங்களைத்தான் பிடிக்கும். நடுவில் நிற்கும் எண் எப்போதும் பின்னணியின் எண்ணாகவே இருக்கும். ஆக, மெல்லிய சாலையும் வாய்க்காலும் ஒரே சுற்றில் சுவடின்றி மறைந்துவிடும். வாய்க்கால் தேடப் போகிறவர் முதல் வேலையாக இடைநிலை வடிப்பானைப் போடுவது தேடுபொருளையே துடைத்தெறிவதற்குச் சமம்.

ரேடார் படங்களில் நிலைமை வேறு. அங்கே புள்ளிப் புள்ளியாகத் தெரியும் இரைச்சல், ஒளிர்வு கூடும் இடத்தில் தானும் கூடும். 1980இல் ஜாங்-சென் லீ தந்த வடிப்பான் சாளரத்துக்குள் உள்ள எண்களின் பரவலை முதலில் அளக்கிறது. பரவல் குறைவாக இருந்தால் நன்றாகச் சராசரியாக்குகிறது, அதிகமாக இருந்தால் அங்கே விளிம்பு இருக்கக்கூடும் என்று கொண்டு மூல எண்ணை ஏறக்குறைய அப்படியே விடுகிறது. தன் எடையைத் தானே மாற்றிக்கொள்ளும் வடிப்பான்களுக்கு இது நல்ல முன்மாதிரி.

விளிம்பும் சரிவும்

விளிம்பு என்பது எண் சட்டென்று மாறும் இடம். கணிதத்தில் வகைக்கெழு பெரிதாகும் இடம். 1963இல் லாரன்ஸ் ராபர்ட்ஸ் இரண்டுக்கு இரண்டு சாளரத்தில் குறுக்கு வேறுபாடு எடுத்தார். 1968இல் ஸ்டான்ஃபோர்டில் இர்வின் சோபெல், கேரி ஃபெல்ட்மன் இருவரும் மூன்றுக்கு மூன்று கெர்னலை முன்வைத்தனர். இடப்பத்தியில் −1, −2, −1, நடுப்பத்தியில் சுழிகள், வலப்பத்தியில் 1, 2, 1. இடமும் நடுவும் 20, வலம் 80 என்று இருக்கும் இடத்தில் இதை வைத்தால் விடை 240. அதே படத்தில் மேலிருந்து கீழாக மாற்றத்தைத் தேடும் இணைக் கெர்னலை வைத்தால் விடை சுழி. இரண்டு விடைகளையும் சேர்த்தால் விளிம்பின் வலிமை, திசை இரண்டுமே கிடைக்கும்.

தரையின் உயரத்தைத் தாங்கிய ராஸ்டரான உயர மாதிரியில் சரிவு காணும் முறையும் இதுவே என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். பெர்தோல்ட் ஹார்ன் 1981இல் விவரித்த சரிவுக் கணக்கின் எடைகள் சோபெலின் எடைகள்தாம். விடையைக் கட்ட அளவின் எட்டு மடங்கால் வகுப்பது மட்டும் கூடுதல். 30 மீட்டர் கட்டங்களில் 100, 103, 106 என்று உயரம் ஏறும் ஒரு சமச்சரிவில் கூட்டுத்தொகை 24; அதை 240ஆல் வகுத்தால் 0.1, அதாவது பத்து சதவீதச் சரிவு. ராஸ்டர் அட்சரேகை, தீர்க்கரேகைப் பாகைகளில் இருந்து உயரம் மட்டும் மீட்டரில் இருந்தால் இந்த வகுத்தல் பொருளற்றதாகிவிடும். அப்படிப்பட்ட ராஸ்டரைத் திருத்தாமல் சரிவு கணக்கிட்டால், சமவெளி முழுவதும் செங்குத்துப் பாறையாகத் தெரியும்.

1980இல் டேவிட் மார், எலன் ஹில்ட்ரெத் இருவரும் காஸியனால் மென்மையாக்கிய பின் இரண்டாம் வகைக்கெழு சுழியைக் கடக்கும் இடங்களை விளிம்பாகக் கொண்டனர். 1986இல் ஜான் கேனி வெளியிட்ட முறை இன்றும் நடைமுறையில் முதலிடத்தில் இருக்கிறது. அதன் வெற்றிக்குக் காரணம் கெர்னலைவிடப் பின்னால் வரும் இரண்டு படிகள்: விளிம்புக்குக் குறுக்கே உச்சமாக உள்ள கட்டத்தை மட்டும் வைத்துக்கொள்வது, இரண்டு வெட்டு மதிப்புகளை வைத்து, வலுவான விளிம்போடு தொட்டுக்கொண்டிருக்கும் மெலிந்த விளிம்பையும் ஏற்பது. தொடர்ச்சியைப் பார்க்கும் இந்தக் கடைசிப் படி சாளரத்தைத் தாண்டியது. வெறும் வடிப்பான் மட்டும் ஒரு முழுக் கோட்டை ஒருபோதும் கண்டறிவதில்லை. கோட்டின் துண்டுகளைக் கண்டறிகிறது. துண்டுகளை இணைப்பது வேறு வேலை.

ஒவ்வொரு அமைப்புக்கும் ஓர் எண்

ராஸ்டரில் 0, 1 என்ற இரண்டு எண்கள் மட்டும் இருந்தால், அதாவது நீர் உண்டு அல்லது இல்லை, கோடு உண்டு அல்லது இல்லை என்று மட்டும் இருந்தால், வேலை துல்லியமாகிவிடுகிறது. சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களும் 256 விதமாக அமையலாம். அத்தனையையும் ஒரே கெர்னலால் பிரித்தறிய ஓர் அழகான வழி உண்டு. மேல் இடது மூலையில் தொடங்கி, கடிகாரச் சுற்றில் 1, 2, 4, 8, 16, 32, 64, 128 என்று இரண்டின் அடுக்குகளை எடைகளாக இட வேண்டும். பெருக்கிக் கூட்டி வரும் எண், அக்கம்பக்கத்தின் முழு அமைப்பையும் இழப்பின்றிச் சொல்லிவிடும்.

கிடைக்கோடு ஒன்றின் நடுவில் உள்ள கட்டத்துக்கு இடப்பக்கம் 128, வலப்பக்கம் 8; விடை 136. செங்குத்துக் கோட்டுக்கு 2ம் 32ம் சேர்ந்து 34. மூலைவிட்டங்கள் இரண்டுக்கும் 17, 68. வலமும் கீழும் திரும்பும் முக்குக்கு 40. கிடைக்கோட்டிலிருந்து கீழே ஒரு கிளை பிரியும் சந்திப்புக்கு 168. எட்டுப் பக்கமும் நிரம்பிய உட்பகுதிக்கு 255, தனித்த கட்டத்துக்கு 0. நடுக்கட்டத்துக்கும் 256 என்று எடை தந்துவிட்டால் 512 அமைப்புகளும் தனித்தனி எண் பெற்றுவிடும். அதன்பின் வேண்டிய எண்ணை மட்டும் தேர்ந்தெடுத்தால் போதும். எத்தனை அமைப்பைத் தேடினாலும் படத்தின் மேல் ஒரே ஒரு முறை சாளரத்தை ஓட்டினால் போதுமானது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கன்வல்யூஷன் என்று கணிதத்தில் வழங்கும் செயல் கெர்னலை 180 பாகை திருப்பிவிட்டுத்தான் பெருக்கும். ஒட்டுறவுக் கணக்கு திருப்பாமல் பெருக்கும். மென்பொருள்களில் சில ஒன்றைச் செய்கின்றன, சில மற்றதைச் செய்கின்றன. கிடைக்கோட்டின் 136 திருப்பினாலும் 136தான். முக்கின் 40 மட்டும் 130 ஆகிவிடும். சமச்சீரான கெர்னல்களையே பயன்படுத்திப் பழகியவர் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வாய்ப்பே இல்லை. ஒரே ஒரு முக்கு வரைந்த ஐந்துக்கு ஐந்து சோதனை ராஸ்டரை முதலில் ஓட்டிப் பார்ப்பது கட்டாயம்.

திசை முக்கியமில்லை என்றால் எண்ணிக்கை குறையும். கால்வட்டச் சுழற்சியிலும் பிரதிபலிப்பிலும் ஒன்றாகும் அமைப்புகளைச் சேர்த்துவிட்டால் 256 என்பது 51 ஆகச் சுருங்கும். மறுபக்கம், சாளரத்தை ஐந்துக்கு ஐந்தாக்கினால் அமைப்புகள் 3 கோடியே 35 லட்சத்தைத் தாண்டும். முழுப் பட்டியல் போடும் வழி மூன்றுக்கு மூன்றோடு நின்றுவிடுகிறது என்றே சொல்ல வேண்டும்.

இந்த வகைத் தேடல் மிகத் தேர்ந்த நிலையை அடைந்திருப்பது கைரேகையில். ரேகைப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, மேடுகளை ஒரு கட்டம் அகலத்துக்கு மெலிதாக்குவார்கள். பிறகு ஒவ்வொரு மேட்டுக் கட்டத்தையும் சுற்றி எட்டுக் கட்டங்களையும் வட்டமாக வலம் வந்து, 0க்கும் 1க்கும் இடையே எத்தனை முறை மாறுகிறது என்று எண்ணிப் பாதியாக்குவார்கள். விடை 1 என்றால் மேடு அங்கே முடிகிறது. 2 என்றால் தொடர்கிறது. 3 என்றால் கிளை பிரிகிறது. ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக்காட்டும் நுண்குறிகள் இந்த முடிவுகளும் கிளைகளும்தாம். ரேகை அழிந்த, வியர்வை படிந்த விரல்களில் பொய்க் குறிகள் பெருகும் என்பதால், மெலிதாக்கும் முன், சாய்ந்த கோடுகளைத் தேடும் கேபர் வடிப்பான்களை மேடு ஓடும் திசைக்கேற்பத் திருப்பி, அவற்றால் படத்தைத் தெளிவாக்குவது வழக்கம். லின் ஹாங், யிஃபெய் வான், அனில் ஜெயின் மூவரும் 1998இல் வெளியிட்ட முறை இதற்கு அடித்தளம். இதே முடிவு, கிளைக் கணக்கைச் சாலை, ஓடை ராஸ்டர்களின் சந்திப்புகளைக் கண்டறியவும் அப்படியே பயன்படுத்தலாம்.

இரும எண் உத்தியைச் சாதாரணச் சாம்பல்நிறப் படத்துக்குக் கொண்டுவந்தவர்கள் பின்லாந்தின் ஓலு பல்கலைக்கழகத்தினர். டிமோ ஓயாலா, மட்டி பியட்டிகைனன் ஆகியோர் 1990களில் வகுத்த முறையில், நடுக்கட்டத்தைவிடக் குறையாத அண்டைக்கு 1, குறைந்ததற்கு 0. பிறகு இரண்டின் அடுக்குகளால் பெருக்கிக் கூட்டினால் 0 முதல் 255 வரை ஓர் எண். படம் முழுவதும் வெளிச்சம் கூடினாலும் குறைந்தாலும் யார் பெரியவர், யார் சிறியவர் என்பது மாறாது. ஆகவே எண்ணும் மாறாது. 256 எண்களில் 58 மட்டும் இரண்டுக்கு மிகாத மாற்றங்கள் கொண்ட சீரான அமைப்புகள். அவர்கள் சோதித்த இழையமைப்புகளில் ஏறக்குறைய 90 சதவீதம் இந்த 58க்குள்ளேயே அடங்கிவிட்டது.

நிலவடிவத்துக்கும் இதே எண்ணம் பொருந்தும். 2013இல் யாரோஸ்லாவ் யசியெவிச், டோமாஸ் ஸ்டெபின்ஸ்கி இருவரும் அண்டையை உயர்ந்தது, தாழ்ந்தது, சமம் என்று மூன்றாகப் பிரித்தனர். எட்டுத் திசைக்கு 6,561 அமைப்புகள். சுழற்சி, பிரதிபலிப்பு நீக்கினால் 498. நடைமுறையில் அவற்றைச் சமவெளி, உச்சி, முகடு, பள்ளத்தாக்கு, குழி உள்ளிட்ட பத்து நிலவடிவங்களாகத் தொகுத்தனர். அவர்களுடைய முறையில் அண்டை என்பது ஒட்டியுள்ள கட்டம் என்ற கட்டாயம் இல்லை. அந்தத் திசையில் பார்வை எட்டும் தூரம் வரை பார்த்து முடிவு செய்கிறது. சாளர அளவு என்ற பழைய சிக்கலுக்குக் கிடைத்த தீர்வுகளில் இது சிறந்தவற்றுள் ஒன்று.

அரித்தலும் விரித்தலும்

1964இல் பாரிஸ் சுரங்கக் கல்லூரியின் ஜார்ஜ் மாத்தெரோன், ஜான் செர்ரா இருவரும் இரும்புத்தாதுவின் நுண்படங்களை ஆராயும்போது உருவக் கணிதத்தைத் தோற்றுவித்தனர். ஒரு சிறு உருவத்தைப் படத்தின் மேல் நகர்த்தி, அது முழுக்கப் பொருந்தும் இடங்களை மட்டும் வைப்பது அரித்தல். கொஞ்சமாவது தொடும் இடங்களையெல்லாம் சேர்ப்பது விரித்தல். அரித்துப் பின் விரித்தால் சிறு துகள்கள் நீங்கும். விரித்துப் பின் அரித்தால் சிறு ஓட்டைகள் அடையும். இங்கே 1 இருக்க வேண்டும், இங்கே 0 இருக்க வேண்டும், இங்கே எதுவானாலும் சரி என்று மூன்று வகை நிபந்தனை வைத்துத் தேடும் முறையும் அவர்கள் வழியில் வந்ததே. தேடும் அமைப்பை முன்கூட்டியே வரைந்து காட்ட முடிந்தால், இதைவிடத் தெளிவான கருவி வேறில்லை.

2009இல் பியர் சுவாய், பீட்டர் ஃபோக்ட் இருவரும் இவற்றை அடுக்கடுக்காகப் பயன்படுத்திக் காட்டு வரைபடத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் உட்பகுதி, தீவுத்துண்டு, துளையோரம், வெளியோரம், வளையம், பாலம், கிளை என ஏழு வகையாகப் பிரித்தனர். விலங்குகள் ஒரு காட்டுத் துண்டிலிருந்து இன்னொன்றுக்குக் கடக்கும் பாலங்கள் எவை என்ற கேள்விக்கு, வெறும் காட்டுப் பரப்பின் அளவு தராத விடையை இது தருகிறது.

வகைப்பாட்டு ராஸ்டரில் எண்கள் வெறும் பெயர்கள் என்பதை மறக்கக் கூடாது. நெல்லுக்கு 2, காட்டுக்கு 3, குடியிருப்புக்கு 4 என்று இருந்தால், நெல்லும் குடியிருப்பும் சந்திக்கும் இடத்தில் சராசரி எடுப்பவர் அங்கே காட்டை முளைக்க வைத்துவிடுவார். அங்கே பெரும்பான்மை, வகைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைத்தான் கேட்க வேண்டும்.

இழையமைப்பு

சதுரங்கப் பலகைபோல் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி இருக்கும் ஒரு படமும், இடப்பாதி கறுப்பு, வலப்பாதி வெள்ளை என்று இருக்கும் படமும் சராசரியிலும் திட்ட விலக்கத்திலும் ஒன்றேதான். வேறுபாடு அடுக்கில் இருக்கிறது. 1973இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஹராலிக், சண்முகம், இட்ஷாக் டின்ஸ்டைன் மூவரும் எழுதிய கட்டுரை இதற்கு வழி சொன்னது. குறிப்பிட்ட தொலைவில், குறிப்பிட்ட திசையில் இருக்கும் கட்டங்களை ஜோடி ஜோடியாக எடுத்து, எந்த அளவு எந்த அளவோடு எத்தனை முறை சேர்கிறது என்று அட்டவணை போட வேண்டும். அந்த அட்டவணையிலிருந்து 14 அளவைகளை அவர்கள் எடுத்தனர். மணற்பாறை நுண்படங்களில் 89 சதவீதமும், விமானப் படங்களில் 82 சதவீதமும், செயற்கைக்கோள் படங்களில் 83 சதவீதமும் சரியாக இனம் கண்டதாக அவர்கள் எழுதினர். தோப்பையும் புதர்க்காட்டையும் நிறத்தால் பிரிக்க முடியாத இடங்களில், மரங்களின் வரிசை ஒழுங்கைக் கொண்டு பிரிக்க இன்றும் இதுவே முதலில் நினைவுக்கு வரும் கருவி. பதினான்கையும் ஒரே சமயத்தில் போட்டுத் திணிப்பது பயன் தராது. அவற்றில் பல ஒன்றையே வேறு பெயரில் சொல்பவை; மூன்று நான்கு போதும்.

கற்றுக்கொள்ளும் கெர்னல்

இதுவரை கண்ட எடைகள் கையால் எழுதியவை. எடைகளைத் தானே கற்கும் கெர்னலின் கதை பூனையிடம் தொடங்குகிறது. பூனையின் மூளையில் குறிப்பிட்ட சாய்வுள்ள கோட்டுக்கு மட்டும் விடை தரும் நரம்பணுக்கள் இருப்பதை டேவிட் ஹூபல், டார்ஸ்டன் வீசல் இருவரும் 1959 முதல் காட்டினர். 1981இல் நோபல் பரிசும் பெற்றனர். குனிஹிக்கோ ஃபுக்குஷிமா 1980இல் அதை ஒட்டிய அடுக்கு வலையமைப்பைக் கட்டினார். 1989இல் யான் லெக்குன் குழுவினர் அஞ்சல் குறியீட்டு எண்களைப் படிக்கும் வலையமைப்புக்குக் கெர்னலின் எடைகளைத் தரவிலிருந்தே கற்பித்தனர். 2012இல் படங்களை இனம் காணும் அலெக்ஸ்நெட் என்ற வலையமைப்பு பெரும் வெற்றி பெற்றபோது, அதன் முதல் அடுக்கில் தானாக உருவான 96 கெர்னல்களில் பல, சாய்ந்த கோடுகளையும் விளிம்புகளையும் தேடும் கேபர் வகை வடிப்பான்களாகவே இருந்தன. கையால் எழுதியவர்கள் வந்து சேர்ந்த இடத்துக்கே கற்றலும் வந்து சேர்ந்தது.

அடுக்குவதால் கிடைக்கும் நன்மை பெரிது. மூன்றுக்கு மூன்று கெர்னல் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஐந்துக்கு ஐந்து பரப்பைப் பார்க்க முடியும். மூன்று வைத்தால் ஏழுக்கு ஏழு. ஒற்றை வடிப்பான் எட்ட முடியாத பெரிய வடிவங்களை இப்படி எட்ட முடிகிறது. ஆனால் அதற்கு ஆயிரக்கணக்கில் கையால் குறித்த மாதிரிகள் வேண்டும். ஏன் இந்த இடத்தைக் காட்டியது என்று கேட்டால் தெளிவான பதில் கிடைக்காது. தேடும் வடிவத்தைத் தாளில் வரைந்து காட்ட முடிகிற வேலைக்கு, முதலில் எளிய கெர்னலையே முயன்று பார்ப்பது நல்லது. அது தோற்கும் இடம் தெரிந்தால்தான் வலையமைப்புக்கு எதைக் கற்பிப்பது என்பதும் தெரியும்.

கண்மாயும் ஊருணியும்

இவை எல்லாம் ஒன்றுசேரும் இடத்துக்கு ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையின் நீர்நிலைகள் நல்ல எடுத்துக்காட்டு. கண்மாய்கள் அடுத்தடுத்துச் சங்கிலியாக அமைந்த நிலம் அது. பச்சை ஒளிக்கும் அண்மை அகச்சிவப்புக்கும் உள்ள வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுக்கும் மெக்ஃபீட்டர்ஸின் நீர்க் குறியீடு 1996இல் வந்தது. அதைப் போட்டு, சுழிக்கு மேல் உள்ளதை நீர் என்று கொண்டால் ஓர் இரும ராஸ்டர் கிடைக்கும். அதில் உப்புத்தூள் தெளித்ததுபோல் ஒற்றைக் கட்டங்கள் எங்கும் சிதறிக் கிடக்கும். அரித்து விரித்தால் சுத்தமாகிவிடும் என்று தோன்றும்.

அங்கேதான் இழப்பும் நேர்கிறது. இந்தியச் செயற்கைக்கோள்களின் லிஸ்-3 படத்தில் கட்டம் 23.5 மீட்டர். மூன்றுக்கு மூன்று உருவம் தரையில் 70.5 மீட்டர் சதுரம். அந்தச் சதுரம் உள்ளே அடங்காத நீர்நிலை எதுவும் அரித்தலில் தப்பாது. ஐம்பது மீட்டர் அகலமுள்ள குடிநீர் ஊருணி இரண்டு கட்டம்தான். இரைச்சலோடு சேர்ந்து அதுவும் போய்விடும். கண்மாய்கள் மட்டும் மிஞ்சிய வரைபடம் பார்வைக்கு மிகச் சுத்தமாக இருக்கும், ஆனால் ஊருக்குக் குடிநீர் தரும் இடங்கள் அதில் இருக்காது. 5.8 மீட்டர் கட்டமுள்ள லிஸ்-4 படத்தில் அதே உருவம் 17.4 மீட்டர், அங்கே ஊருணி பிழைக்கும்.

கண்மாயின் வடிவத்திலும் ஒரு குறிப்பு இருக்கிறது. கரைப்பக்கத்து நீர்விளிம்பு வழவழப்பான வளைவாக இருக்கும். நீர்பிடிப்புப் பக்கத்து விளிம்பு கிழிந்த துணிபோல் இருப்பதோடு மாதத்துக்கு மாதம் இடம் மாறும். வடகிழக்குப் பருவமழை முடிந்த மாதத்தின் படத்தையும் கோடையின் படத்தையும் வைத்து, இரண்டிலும் ஒரே இடத்தில் நிற்கும் விளிம்பைத் தேடினால் கரை கிடைக்கிறது. உயர மாதிரியைக் கொண்டு கரையைத் தேடுவது பெரும்பாலும் வீண். 2000 பிப்ரவரியில் 11 நாட்களில் விண்ணோடம் எடுத்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவுக்கு வகுத்த செங்குத்துத் துல்லிய வரம்பு 16 மீட்டர். கரையின் உயரமோ சில மீட்டர்தான். நீர்க் குறியீட்டிலும் குழப்பம் உண்டு. நீர் கட்டி நடவு செய்த வயல் நீராகவே தெரியும். சீமைக்கருவேலம் மண்டிய கண்மாய் நீர் இருந்தும் காடாகத் தெரியும். முதலாவதைக் காலத்தொடராலும் இரண்டாவதை இழையமைப்பாலும் ஓரளவு பிரிக்கலாம். முற்றிலும் பிரிக்க முடியாது.

ஓரம், வெற்றிடம், வெட்டு மதிப்பு

படத்தின் ஓரத்தில் சாளரத்தின் ஒரு பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆயிரத்துக்கு ஆயிரம் படத்தில் பதினொன்றுக்குப் பதினொன்று சாளரம் வைத்தால் முழுச் சாளரம் கிடைப்பது 990க்கு 990 கட்டங்களுக்குத்தான். மீதிக்குச் சில மென்பொருள்கள் சுழியை நிரப்பும், சில ஓரத்து எண்ணைத் திரும்ப எழுதும், சில கண்ணாடிபோல் மடிக்கும். சுழி நிரப்பினால் படத்தைச் சுற்றிப் பொய் விளிம்பு ஒன்று முளைக்கும். படத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஓட்டுபவர்கள் ஒவ்வொரு துண்டையும் எல்லாப் பக்கமும் சாளரத்தின் பாதி அளவுக்கு நீட்டி எடுக்காவிட்டால் தையல் கோடுகள் தெரியும்.

தரவு இல்லாத கட்டத்துக்கு −9999 என்று எழுதுவது வழக்கம். எட்டுக் கட்டம் 100 மீட்டர், ஒன்று −9999 என்றால் சராசரி −1,022 மீட்டர். சமவெளியில் ஆழ்கடல் தோன்றிவிடும். இந்தப் பிழை பெரிதாக இருப்பதால் கண்ணில் படும். இடைநிலை எடுக்கும்போது இதே பிழை சிறிதாக ஒளிந்துகொள்வதால் அதுதான் அபாயம் கூடியது.

வேகத்தைப் பற்றி நெடிதாகச் சொல்ல வேண்டியதில்லை. காஸியன்போல் வரிசையாகவும் பத்தியாகவும் பிரிக்க முடிந்த பதினைந்துக்குப் பதினைந்து கெர்னலில் 225 பெருக்கலுக்குப் பதில் 30 போதும். சதுரச் சாளரத்தின் கூட்டுத்தொகையை, ஃபிராங்க் குரோ 1984இல் காட்டிய திரள் அட்டவணை கொண்டு, சாளரம் எவ்வளவு பெரிதானாலும் நான்கே எண்களில் பெறலாம்.

வடிப்பானின் விடை ஒரு தொடர் எண். வடிவம் உண்டா இல்லையா என்பது ஒரு முடிவு. நடுவில் நிற்பது வெட்டு மதிப்பு. நோபுயுகி ஓட்சு 1979இல் தந்த முறை எண்களின் பரவலைப் பார்த்து அதைத் தானே தேர்ந்துகொள்ளும். ஆனால் பொருளும் பின்னணியும் இரண்டு மேடுகளாகப் பிரிந்திருந்தால்தான் அது பலிக்கும். நீர்நிலை படத்தின் நூற்றில் ஒரு பங்குதான் என்றால் தவறான இடத்தில் வெட்டிவிடும். வடிவத்தின் மாதிரியையே கெர்னலாக வைத்துத் தேடுபவர்களுக்கு இன்னொரு சிக்கல்: வெளிச்சமான இடமெல்லாம் வடிவம் இல்லாமலேயே பெரிய எண் தரும். சாளரத்தின் சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் வகுத்து, விடையை −1க்கும் 1க்கும் இடையே கொண்டுவரும் ஒட்டுறவையே அங்கே பயன்படுத்த வேண்டும்.

வடிப்பான் வழியே எடுத்த வரைபடம் நீர்நிலைப் பட்டியலுக்கோ காட்டு எல்லைக்கோ ஆதாரமாகப் போகிறது என்றால், கட்ட அளவு, சாளர அளவு, கெர்னலின் எடைகள், ஓரத்தைக் கையாண்ட விதம், வெட்டு மதிப்பு ஆகிய ஐந்தையும் வரைபடத்தின் மேலேயே அச்சிட வேண்டும். ஊருணி இல்லாத வரைபடம் ஊருணி இல்லாத ஊர் என்று படிக்கப்படக் கூடாது. கிராம வரைபடத்தையும் ஊர்க்காரர்களையும் வைத்துச் சரிபார்க்கும் வரை அதை முடிவான ஆவணமாக யாரும் ஏற்க வேண்டாம்.